துறையும் கொள்கையும்: உணவு, வேளாண்மை அமைச்சகத்தில் சி. சுப்பிரமணியம் (1964-1967)

முன்னுரை

அரசியல் தலைவர் ஒருவரின் ஆட்சித்திறன் பெரும்பாலும் அவர் அறிவித்த திட்டங்களைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. அத்திட்டம் எந்தத் துறையின் கோப்பில் உருவானது, எந்தத் துறை அதற்குத் தடையாக நின்றது, அத்தடையை நீக்கத் தலைவர் மேற்கொண்ட வழி யாது என்னும் வினாக்கள் மிகுதியும் எழுப்பப்படுவதில்லை. திருக்குறளின் பொருட்பால், ஆளறிந்து பணியை ஒப்படைக்கும் கடமையை அரசனுக்குரிய பகுதியில் ‘தெரிந்து வினையாடல்’ என்னும் அதிகாரமாக வைக்கிறது. ‘அமைச்சு’ அதற்குப் பின்னர்த் தனி அதிகாரமாக அமைகிறது. இன்றைய நாடாளுமன்ற முறையில் இவ்விரு நிலைகளும் ஒருவரிடமே கூடுகின்றன. துறையின் அலுவலர்களுக்கு முன் அமைச்சர் ஆணையிடுபவர். தலைமை அமைச்சருக்கும் அமைச்சரவைக்கும் முன் அவர் எடுத்துரைப்பவர். இவ்விரு நிலைகளையும் இணைத்துச் செயற்படுவதே துறை நிர்வாகத்தின் சாரம் எனலாம்.

இதற்குத் தக்க சான்றாக அமைவது, 1964 முதல் 1967 வரை நடுவண் அரசின் உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியத்தின் பணி. ‘பசுமைப் புரட்சி’ என்னும் பெயர் 1968-இல் தான் வழக்கிற்கு வந்தது. அதன் அடித்தளமோ அதற்கு முன்னைய மூன்று ஆண்டுகளில், பெரும்பகுதியும் அலுவலக அறைகளில், இடப்பட்டது. கொள்கை மாற்றத்திற்கு முன்பாகத் துறையின் அமைப்பு மாற்றப்பட்டது என்பதையும், அவ்வமைப்பு எவற்றைக் காணவைத்தது, எவற்றைக் காணாமல் விட்டது என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பிரிந்து கிடந்த அதிகாரம்

அரசமைப்புச் சட்டத்தின்படி வேளாண்மை மாநிலப் பட்டியலுக்குரியது. எனவே நடுவண் வேளாண்மை அமைச்சர் ஒரு வயலுக்கும் நேரடியாக ஆணையிட இயலாது. நடுவண் அரசிற்குள்ளும் அவருடைய அதிகாரம் குறுகியதாகவே இருந்தது. உரத் தொழிற்சாலைகள் பெட்ரோலியம், வேதிப்பொருள் அமைச்சகத்தின் பொறுப்பில் இருந்தன. பாசனம் மற்றோர் அமைச்சகத்திற்கு உரியது. ஊர்தோறும் உழவர்களைச் சந்தித்து அறிவுரை கூறவேண்டிய ஊர்நிலைப் பணியாளர்கள் சமுதாய வளர்ச்சி, கூட்டுறவு அமைச்சகத்தைச் சார்ந்தவர்கள். அந்நியச் செலாவணி நிதியமைச்சகத்தின் கையில் இருந்தது. ஐந்தாண்டுத் திட்ட ஒதுக்கீட்டைத் திட்டக் குழு வரையறுத்தது.

உணவுப் பற்றாக்குறைக்கு நாடாளுமன்றத்தில் பதிலுரைக்க வேண்டியவர் ஒருவர். உணவு உற்பத்திக்கு வேண்டிய கருவிகளைக் கையில் வைத்திருந்தவர்கள் பலர். பொறுப்பும் அதிகாரமும் இவ்வாறு வெவ்வேறிடங்களில் இருந்தமையே இத்துறையின் அடிப்படைச் சிக்கலாகும்.

2. முன்னிருந்தோர் கையாண்ட வழிகள்

இதே துறையை முன்னர் நடத்திய இருவரின் வழிகளை ஒப்பிடுவது பயன் தரும். 1952-இல் பொறுப்பேற்ற ரஃபி அகமது கித்வாய், போர்க்காலத்திலிருந்து தொடர்ந்த உணவுக் கட்டுப்பாடுகளைப் படிப்படியாக நீக்கினார். அதே ஆண்டில் சென்னை மாகாணத்தில் இராஜாஜி அரசு அரிசிப் பங்கீட்டை நீக்கியிருந்தது, அவ்வமைச்சரவையில் சி. சுப்பிரமணியமும் இடம்பெற்றிருந்தார். நல்ல மழையும் விளைச்சலும் கித்வாயின் முடிவுக்குத் துணைநின்றன. துறையின் அதிகாரத்தைச் சுருக்குவதன் வழியாகவே அவர் சிக்கலைத் தீர்த்தார் எனலாம்.

1959-இல் பொறுப்பேற்ற எஸ்.கே. பாட்டீல் இறக்குமதியை நாடினார். 1960 மே மாதத்தில் அமெரிக்காவின் பொதுச் சட்டம் 480-இன்கீழ் நான்காண்டுகளுக்கு 1 கோடியே 60 இலட்சம் டன் கோதுமையும் 10 இலட்சம் டன் அரிசியும் பெற ஒப்பந்தம் கையெழுத்தானது. இதற்கான விலையை ரூபாயில் செலுத்தலாம் என்பதால் அந்நியச் செலாவணிக்கு நெருக்கடி ஏற்படவில்லை. நகரங்களின் நியாயவிலைக் கடைகள் இக்கோதுமையால் நடைபெற்றன. ஆயின் மலிவான அயல்நாட்டுத் தானியம் உள்நாட்டு விலையைத் தாழ்த்தியது. கூடுதலாக விளைவிக்க வேண்டிய தூண்டுதல் உழவர்க்குக் குறைந்தது.

கித்வாய் சந்தையையும் பாட்டீல் கப்பலையும் நம்பினர். இருவருமே துறையின் உள்ளமைப்பில் பெரிய மாற்றம் செய்யவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1964 சூனில் லால்பகதூர் சாஸ்திரி தலைமை அமைச்சரானபோது, எஃகுத் துறையைக் கவனித்து வந்த சுப்பிரமணியத்திடம் உணவு, வேளாண்மைப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அரசியல்வாதிகள் விரும்பி ஏற்காத துறையாக அது அப்போது கருதப்பட்டது.

3. ஆளறிந்து ஒப்படைத்தல்

சுப்பிரமணியம் முதலில் கைவைத்த இடம் ஆராய்ச்சி நிர்வாகமாகும். இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் அதுவரை ஆட்சிப் பணி அலுவலர்களின் தலைமையில் இயங்கியது. பருத்தி, கரும்பு முதலிய பயிர்களுக்கெனத் தனித்தனி நடுவண் குழுக்கள் இருந்தன. ஆராய்ச்சி நிறுவனங்கள் பல அமைச்சகத்தின் நேரடிப் பொறுப்பில் இருந்தன. ஆராய்ச்சிகளை ஒருங்கிணைக்கும் கடமை கழகத்திற்கு இருந்தது. நிறுவனங்களை நடத்தும் அதிகாரம் இல்லை. மேரியான் பார்க்கர் தலைமையிலான ஆய்வுக் குழு இக்குறைகளைச் சுட்டி, கழகத்தைத் திருத்தியமைக்கப் பரிந்துரைத்திருந்தது.

குழுக்களின் அறிக்கைகள் நிலைப்பேழையில் உறங்குவது புதிதன்று. இவ்வறிக்கை செயலுக்கு வந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. 1965-இல் கோதுமை ஆய்வறிஞர் பி.பி. பால் கழகத்தின் தலைமை இயக்குநராக அமர்த்தப்பட்டார். அறிவியலாளர் ஒருவர் அப்பொறுப்பை ஏற்றது அதுவே முதன்முறை. பயிர்க் குழுக்கள் கலைக்கப்பட்டு, நிறுவனங்கள் கழகத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. 1966-இல் எம்.எஸ். சுவாமிநாதன் தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநரானார்.

அலுவலர்களைப் புறக்கணித்து அறிவியலாளரை உயர்த்தினார் என்று இதனைக் கொள்ளுதல் பொருந்தாது. உரக் குழுவின் தலைவராகப் பணியாற்றிய ஐ.சி.எஸ். அலுவலர் பி. சிவராமன் 1965-இல் வேளாண்மைச் செயலாளரானார். அமைச்சர், செயலாளர், அறிவியலாளர் ஆகிய மூவரும் ஒரே கருத்துடையவராக ஒரே காலத்தில் அமைந்தது, நடுவண் வேளாண்மைத் துறையில் அதற்குமுன் அரிதாகவே நிகழ்ந்தது. எந்த விதை தக்கது என்பதை அறிவியலாளர் உரைத்தனர். அதனை எவ்வாறு கொண்டுவருவது என்பதைச் செயலாளர் வகுத்தார். அதற்கான ஒப்புதலை அமைச்சர் பெற்றார். வினை இவ்வாறு பகுக்கப்பட்டமையால் ஒருவர் பணியில் மற்றவர் தலையிடும் தேவை குறைந்தது.

1966 சனவரியில் இந்திரா காந்தியின் அமைச்சரவை அமைந்தபோது, சமுதாய வளர்ச்சியும் கூட்டுறவும் இத்துறையோடு இணைக்கப்பட்டன. ஊர்நிலைப் பணியாளர்களைக் கொண்ட விரிவாக்க அமைப்பும் ஆராய்ச்சியும் இதனால் ஓரமைச்சரின் பொறுப்பில் வந்தன.

4. விலையும் கொள்முதலும்

புதிய விதைக்கு உரம் வேண்டும். உரத்திற்குப் பணம் வேண்டும். விளைச்சல் பெருகும்போது விலை வீழுமாயின் அப்பணத்தை உழவர் செலவிட முன்வரார். எனவே விதைக்கு முன்பே விலைக்கு வழிசெய்ய வேண்டியிருந்தது. சாஸ்திரியின் செயலாளர் எல்.கே. ஜா தலைமையில் 1964-இல் உணவுதானிய விலைக் குழு அமைக்கப்பட்டது. தலைமை அமைச்சரின் அலுவலகத்தைச் சார்ந்த ஒருவர் அளிக்கும் பரிந்துரையைப் பிற துறைகள் எளிதில் தள்ள இயலாது என்பது இவ்வேற்பாட்டின் சிறப்பாகும்.

1965 சனவரியில் இரண்டு அமைப்புகள் தோன்றின. ஒன்று வேளாண் விலைக் குழு. பொருளியல் அறிஞர் எம்.எல். தாந்த்வாலா அதன் முதல் தலைவர். மற்றொன்று, 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அமைந்த இந்திய உணவுக் கழகம். 1965 சனவரி 14 அன்று பணி தொடங்கிய அக்கழகம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. தலைமையிடம் பின்னரே தில்லிக்கு மாற்றப்பட்டது.

விலையைப் பரிந்துரைப்பவர் ஒருவராகவும், அவ்விலையில் வாங்குபவர் மற்றொருவராகவும், இறுதி முடிவு எடுப்பது அமைச்சரவையாகவும் அமைந்த இவ்வேற்பாடு கருதத்தக்கது. விலை என்பது அமைச்சரின் விருப்பம் என்னும் குற்றச்சாட்டு எழாதிருக்க வல்லுநர் குழு உதவியது. அறிவித்த விலை ஏட்டளவில் நின்றுவிடாதிருக்கக் கழகம் உதவியது. பின்னாளில் வந்த அமைச்சர் ஒருவர் இக்கொள்கையைக் கைவிட விரும்பினும், சட்டத்தால் அமைந்த ஒரு கழகத்தை எளிதில் கலைக்க இயலாது. தம் பதவிக்காலத்திற்கு அப்பாலும் கொள்கை நிலைபெற, அமைப்பே காவலாக வைக்கப்பட்டது எனலாம்.

5. அமைச்சரவைக்குள் எழுந்த எதிர்ப்பு

இக்கொள்கைக்கு வன்மையான எதிர்ப்பு அமைச்சரவைக்குள்ளேயே இருந்தது. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி விலையுயர்வையும் அந்நியச் செலாவணிச் செலவையும் ஏற்கத் தயங்கினார். தானிய விலை உயர்ந்தால் நகரக் கூலியும் உயரும். கூலி உயர்ந்தால் தொழில்வளர்ச்சி தடைபடும் என்பது எதிர்த்தோர் வாதமாகும். உரத்திற்குச் செலவிடும் அந்நியச் செலாவணி எந்திரங்களுக்கான ஒதுக்கீட்டைக் குறைக்கும் என்னும் அச்சம் திட்டக் குழுவிலும் நிலவியது. நிலச் சீர்திருத்தமும் கூட்டுறவும் பின்னடைந்து, வசதியுள்ள உழவரே பயனடைவர் என்று இடதுசாரியினர் எச்சரித்தனர்.

இவ்வாதங்கள் எவையும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. சுப்பிரமணியம் 1965-இல் தம் துறையின் திட்டங்களை விரிவான அறிக்கைகளாக வடித்து முன்வைத்தார். நீர்வசதி உறுதியான பகுதிகளில் விதை, உரம், கடன் ஆகியவற்றைக் குவித்துக் கொடுப்பது அவற்றின் மையக் கருத்தாகும். இக்கருத்து முற்றிலும் புதியதன்று. 1960-61-இல் தஞ்சாவூர், லூதியானா, மேற்குக் கோதாவரி உள்ளிட்ட ஏழு மாவட்டங்களில் தொடங்கிய தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் இதற்கு முன்னோடியாகும்.

1965-66-இல் பருவமழை பொய்த்தது. முந்தைய ஆண்டில் ஏறத்தாழ 8.9 கோடி டன்னாக இருந்த உணவுதானிய உற்பத்தி 7.2 கோடி டன்னாக வீழ்ந்தது. அதே காலத்தில் அமெரிக்க அதிபர் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்தைத் தவிர்த்து, சிறுசிறு தவணைகளாகக் கோதுமை வழங்கும் முறையை மேற்கொண்டார். 1965 நவம்பரில் உரோம் நகரில் அமெரிக்க வேளாண்மைச் செயலர் ஆர்வில் ஃப்ரீமனுடன் சுப்பிரமணியம் ஓர் உடன்பாடு கண்டார். வேளாண்மை முதலீட்டையும் உர உற்பத்தியையும் உயர்த்துவதாக இந்தியா அதில் உறுதி கூறியது. அவ்வுடன்பாடு தொடக்கத்தில் வெளியிடப்படவில்லை.

இதனைக் கொண்டு, புதிய வேளாண் கொள்கை அயல்நாட்டு அழுத்தத்தின் விளைவே என்பர் சிலர். ஃபோர்டு அறக்கட்டளையின் 1959-ஆம் ஆண்டு அறிக்கையும், உலக வங்கி அனுப்பிய பெல் குழுவின் கருத்துகளும் இதே திசையைச் சுட்டின என்பது உண்மையே. ஆயினும் கால வரிசை வேறொன்றையும் காட்டுகிறது. விலைக் குழு, உணவுக் கழகம், ஆராய்ச்சிக் கழகத்தின் புதிய தலைமை, முதற்கட்ட விதை இறக்குமதி ஆகிய அனைத்தும் உரோம் உடன்பாட்டிற்கு முற்பட்டவை. உள்நாட்டில் தாம் ஏற்கெனவே முன்வைத்த திட்டத்திற்கு நிதியமைச்சகத்தின் இசைவைப் பெற, வெளிநாட்டிற்கு அளித்த உறுதிமொழியையே அமைச்சர் கருவியாக்கிக்கொண்டார் எனக் கருத இடமுண்டு. கருத்துக்கு அயல் தொடர்பு இருந்தது. அதனைத் தாங்கும் அமைப்பு உள்நாட்டில் உருவானது. நாடாளுமன்றத்திற்கு உடனே உரைக்கப்படாத உடன்பாடு ஒன்றின் வலுவில் பொதுக் கொள்கை முன்னேறியது மக்களாட்சி மரபின் நோக்கில் ஒரு குறையே என்பதையும் மறுத்தற்கில்லை.

6. விதையும் விளைச்சலும்

நார்மன் போர்லாக் 1963-இல் இந்தியாவிற்கு வந்தபின், மெக்சிகோவின் குட்டைக் கோதுமை ரகங்கள் இந்திய ஆய்வு நிலங்களில் சோதிக்கப்பட்டன. 1965-இல் சொனோரா-64, லெர்மா ரோகோ ஆகிய ரகங்களின் விதை 250 டன் தருவிக்கப்பட்டது. 1966-இல் 18,000 டன் இறக்குமதியாயிற்று. செயல்விளக்கத் திடல்கள் உழவர்களின் நிலங்களிலேயே அமைக்கப்பட்டன. தில்லியில் தமக்கு ஒதுக்கப்பட்ட இல்லத்தின் புல்வெளியை உழுது அமைச்சரே புதிய கோதுமையைப் பயிரிட்டார். ஐயுற்றோரைக் கோப்பினால் அன்றிக் கதிரினால் தெளிவிக்கும் முயற்சி அது. 1966-இல் விதைச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டின் கரீப் பருவத்தில் உயர் விளைச்சல் ரகங்கள் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

பயன் உடனே கிட்டவில்லை. 1966-67-இலும் வறட்சி தொடர்ந்தது. 1966-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1 கோடி டன் தானியம் இறக்குமதி செய்யப்பட்டது. 1967-68-இல் உணவுதானிய உற்பத்தி 9.5 கோடி டன்னை எட்டியது. 1964-65-இல் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை உற்பத்தி 1970-71-இல் 2.3 கோடி டன்னைக் கடந்தது.

விளைச்சல் பெருகியபோது அமைச்சர் பதவியில் இல்லை. 1967 பொதுத்தேர்தலில் சுப்பிரமணியம் தோற்றார். தமிழகத்தில் அத்தேர்தலின் முதன்மையான பொருள்களுள் அரிசித் தட்டுப்பாடும் ஒன்று. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது திராவிட முன்னேற்றக் கழகத்தின் வாக்குறுதி. 1965 மொழிப் போராட்டத்தின்போது ஓ.வி. அளகேசனுடன் அவர் பதவி விலகல் கடிதம் அளித்ததும் பின்னர் அதனைத் திரும்பப் பெற்றதும் மக்கள் நினைவில் இருந்தன. கோதுமை வயல்களில் வெற்றியைத் தொடங்கிவைத்த அமைச்சர், நெல் விளையும் தம் மாநிலத்தின் தேர்தலில் வீழ்ந்தார். ஆயினும் அடுத்துப் பொறுப்பேற்ற ஜகஜீவன்ராம் காலத்தில் கொள்கை மாறவில்லை; அமைப்புகள் தொடர்ந்து இயங்கின.

7. கோப்பில் இடம்பெறாதோர்

துறையின் அமைப்பு, எதைச் செய்யலாம் என்பதோடு எதைக் காணலாம் என்பதையும் வரையறுக்கிறது. விதை, உரம், விலை, கொள்முதல் ஆகியன அமைச்சகத்தின் பார்வைக்குள் வந்தன. நிலவுடைமையும் விவசாயக் கூலியும் அதன் பார்வைக்கு வெளியே நின்றன. நிலச் சீர்திருத்தம் மாநிலங்களின் பொறுப்பு. கூலி வேறு துறையின் பொருள்.

இதன் விளைவைத் தஞ்சாவூர் மாவட்டமே காட்டியது. தீவிர வேளாண்மைத் திட்டத்தின் முதல் ஏழு மாவட்டங்களுள் ஒன்றாகவும், உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் அமைந்த இடமாகவும் விளங்கிய அம்மாவட்டத்தில், 1968 திசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். கூலியுயர்வுக் கோரிக்கையும் தொழிலாளர் சங்கத்தை நிலவுடைமையாளர் எதிர்த்தமையும் அதன் பின்னணியில் இருந்தன. சாதியும் நிலவுடைமையும் பிணைந்த நெடுங்கால ஒடுக்குமுறை அதன் வேராகும்; புதிய விதையே அதற்குக் காரணம் என்பது மிகைக் கூற்றாகும். எனினும் விளைச்சலைப் பெருக்கும் திட்டத்தில் விளைவிப்போரின் பங்கு குறித்த வினா இடம்பெறவே இல்லை என்பது தெளிவாகிறது. வேளாண் பகுதிகளில் எழுந்த பதற்றத்தின் காரணங்களை 1969-இல் ஆராய்ந்து அறிக்கை அளித்தது உள்துறை அமைச்சகமாகும். உழைப்போரின் சிக்கல் வேளாண்மைத் துறையின் கோப்பில் இடம்பெறாமல், சட்டம் ஒழுங்கைக் காக்கும் துறையின் கோப்பில் இடம்பெற்றது என்பது சிந்திக்கத்தக்கது.

நீண்டகால விளைவுகளும் இத்தகையனவே. கோதுமைக்கும் நெல்லுக்கும் உறுதியான கொள்முதல் அமைந்தது. புன்செய்த் தானியங்களுக்கும் பயறுகளுக்கும் அத்தகைய உறுதி அமையவில்லை. பஞ்சாபில் நிலத்தடி நீர் தாழ்ந்தது. பயிர்முறையை மாற்றவேண்டும் என்று எஸ்.எஸ். ஜோல் குழு 1986-இலேயே பரிந்துரைத்தும் பெரிய மாற்றம் நிகழவில்லை. பற்றாக்குறைக் காலத்திற்கென வகுத்த அமைப்பு, மிகைக் காலத்திலும் அதே திசையில் இயங்கியது. 2020-இல் முதலில் அவசரச் சட்டங்களாக வந்த மூன்று வேளாண் சட்டங்கள், ஓராண்டுக்கு மேல் நீடித்த உழவர் போராட்டத்திற்குப் பின் 2021-இல் திரும்பப் பெறப்பட்டன. அப்போராட்டத்தின் மையக் கோரிக்கைகளுள் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கான சட்ட உறுதியும் ஒன்று. 1965-இல் ஊன்றப்பட்ட அமைப்பு உழவர் வாழ்வில் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் சில கருத்துகள் புலனாகின்றன. கொள்கையை அறிவிப்பதற்கு முன் அதனை நிறைவேற்றும் ஆட்களையும் அமைப்பையும் சீர்செய்தமையே சுப்பிரமணியத்தின் நிர்வாக முறையின் தனித்தன்மையாகும். முடிவெடுக்கும் அதிகாரத்தை வல்லுநர், செயலாளர், அமைச்சரவை என முறையாகப் பகுத்தமையால் எதிர்ப்புகளுக்கிடையே கொள்கை நிலைபெற்றது. சட்டத்தின் வழி உருவான அமைப்புகள் அமைச்சரின் தோல்விக்குப் பின்னும் நீடித்தன. அந்நிலைபேறே பின்னர்த் திருத்தத்திற்குத் தடையாகவும் ஆயிற்று.

பசுமைப் புரட்சியின் வரலாற்றை விதையின் வரலாறாகவோ ஒரு தலைவரின் துணிவாகவோ மட்டும் எழுதுவது நிறைவுடையதாகாது. தலைவர் தம் துறையின் எல்லையை எவ்வாறு வகுக்கிறாரோ அவ்வாறே அவருடைய கொள்கையின் எல்லையும் அமைகிறது. 1965-இல் அவ்வெல்லைக்குள் வந்த கோதுமை உழவர் வாழ்வு பெற்றனர். அதற்கு வெளியே நின்ற கூலித் தொழிலாளர் காத்திருக்க நேர்ந்தது. பொதுக் கொள்கையின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரு பக்கங்களையும் ஒருசேர நோக்குதல் இன்றியமையாததாகும்.